நர்சிங் என்றதும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

அம்மா, மகளை வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அனுப்புவதா, அவள் கேட்கும் நர்சிங்குக்கா என்று கேட்டிருந்த உங்கள் கடிதம் படித்தேன். நீட்டில் இரண்டாம் முறையும் அவளுக்கு மார்க் குறைந்ததில் வீடே இடிந்துபோயிருப்பது புரிகிறது. நாலு நாள் அவளை யாரும் நோண்டாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான்.

மனையை அடகு வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கவைக்கச் சொல்லும் உங்கள் அண்ணன், திரும்பி வந்ததும் எழுதவேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வைப் பற்றி வாய் திறந்தாரா? அதில் தேறாமல் இங்கே டாக்டராக முடியாது. கடனைக் கட்டப்போவது அவரில்லை. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மகள் கேட்பது பி.எஸ்சி. நர்சிங், அதிலும் ஐ.சி.யூ. வேலை. ஆஸ்பத்திரியில் பாட்டியோடு இருந்த நாட்களில், பக்கத்துக் கட்டில் இந்திக்காரக் குடும்பத்துக்கு இவள்தான் துபாஷி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு இதுதான் முதல் தகுதி.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்கண்ட், வங்கதேசத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். ஐ.சி.யூ.வில் தொண்டையில் குழாய் இருந்தால் யாராலும் பேச முடியாது. முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா என்று பார்த்து நர்ஸ்தான் வலிக்கு மதிப்பெண் போடவேண்டும். ஒரு குடும்பம் கங்கை நீரோடு நிற்கும், இன்னொன்று மெக்காவின் ஸம்ஸம் நீரோடு. வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். விரட்டினால் அந்தக் குடும்பம் அப்புறம் எதையும் நம்பாது. விவரமான நர்ஸ் பஞ்சில் தொட்டு உதட்டில் தடவவிடுவார். எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்ற அழும் பெண்ணுக்கு முதலில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவார். சீக்கியருக்கு முடி மழிக்கவேண்டி வந்தால் முன்கூட்டியே கேட்பார். பெயரை வைத்து எதையும் ஊகிக்கக்கூடாது. ஒரே மதத்தில் இரண்டு வீடு ஒன்றுபோல் இருப்பதில்லை. மேடலின் லெய்னிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ் மானுடவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, நோயாளியின் பண்பாட்டை அறிந்து கவனிக்கும் இதை நர்சிங்கில் தனித்துறையாகவே வளர்த்தார். "பெட்பேன் எடுக்கவா படித்தாள்" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க் போதும், நீட் வேண்டாம். அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள். தனியார் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். புரோக்கருக்குச் சல்லிக்காசு கிடையாது. நான்கு வருடம் முடித்து, கொஞ்சம் வேலை அனுபவத்துக்குப் பின் கிரிட்டிக்கல் கேரில் ஓராண்டு டிப்ளமோவோ, இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்போ படிக்கலாம். தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் ஷிப்ட் உண்டு. இதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சரி என்றால், விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.