அம்பாசிடரில் பெட்ரோல் முள் எழவில்லையா? மீட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். அப்பா வாங்கிய பழைய அம்பாசிடரை இன்னும் ஓட்டுகிறேன். டாங்க்கை நிரப்பினாலும் பெட்ரோல் முள் காலியிலேயே கிடக்கிறது. ஏற்காடு ஏறும்போது சில வளைவுகளில் மட்டும் எழுந்து, பிறகு விழுந்துவிடுகிறது. மெக்கானிக் மீட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வளைவில் முள் எழுகிறது என்றால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. எங்கோ ஓர் இணைப்பு விட்டு விட்டுத் தொடுகிறது. பழைய வண்டிக்குப் பொருத்தமான மீட்டர் தேடி அலைவதைவிட ஒரு துண்டு வயர் எடுத்துச் சோதிப்பது மலிவு.

முதலில் உங்கள் மீட்டர் எந்த வகை என்று தெரிய வேண்டும். வளைவில் முள் எழும்போது வெடுக்கென்று எழுந்தால் அது காந்தச் சுருள் வகை. மெதுவாக ஊர்ந்து ஏறினால், சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை வகை. வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; இத்தனை காலத்தில் யார் எதை மாற்றினார்களோ!

இந்த வேறுபாடுதான் எல்லாம். டாங்க்கில் பெட்ரோல் அளவை அறியும் மிதவை யூனிட்டிலிருந்து மீட்டருக்கு ஒரு வயர் போகிறது. பட்டை வகையில் அந்த வயர் அறுந்தால் முள் காலியைக் காட்டும். சுருள் வகையில் அதே கோளாறு முழு டாங்க்கைக் காட்டும். வயர் உரசி பாடியில் பட்டால் காலி. ஒரே அறிகுறிக்கு நேர்மாறான இரண்டு காரணங்கள்.

ஊர்ந்து ஏறும் வகை என்றால் எர்த்தை, அதாவது யூனிட்டுக்கும் பாடிக்கும் இடையிலான மின் இணைப்பை, முதலில் சந்தேகியுங்கள். சாவியை அணைத்துவிட்டு, டாங்க் மேலுள்ள மிதவை யூனிட்டின் உலோக உடலிலிருந்து, பெயின்ட் சுரண்டிய பாடிப் பகுதிக்கு ஒரு வயர் கட்டுங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். முள் ஏறினால் துரு தின்ற எர்த்தான் குற்றவாளி, வேலை முடிந்தது. ஏறாவிட்டால் மீண்டும் அணைத்து, யூனிட்டுக்கு வரும் வயரைக் கழற்றிப் பாடியில் இணைத்துத் திருப்புங்கள். முள் முழுமையை நோக்கி ஏறினால் வயரும் மீட்டரும் நலம், கோளாறு யூனிட்டில். உடனே அணைத்துவிடுங்கள், பட்டையை வீணாகச் சூடேற்ற வேண்டாம். அப்போதும் அசையாவிட்டால் வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுங்கள்.

சுருள் வகைக்கு வயரைக் கழற்றி எதிலும் படாமல் தொங்கவிட்டாலே போதும். முள் முழுமைக்குப் போனால் கோளாறு யூனிட்டில். காலியிலேயே நின்றால் வயர் எங்கோ உரசுகிறது, அல்லது மீட்டருக்கு மின்சாரமே வரவில்லை.

யூனிட்டைக் கழற்றுமுன் பாட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். டாங்க்கில் பெட்ரோலும் குறைவாக இருக்கட்டும். யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள், பித்தளைத் துண்டு போதும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே சளசளவென்றால் அது ஓட்டை. அதை ஈயம் வைத்து அடைக்க நினைக்கவே வேண்டாம், உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. புதியது வாங்குங்கள். மிதவை நலமென்றால் மல்டிமீட்டரை மின்தடை காட்டும் ஓம் அளவில் வைத்து யூனிட்டோடு இணைத்து, மிதவை மாட்டியிருக்கும் கம்பிக் கையை மெல்ல ஏற்றி இறக்குங்கள். எண் தாவாமல் சீராக மாற வேண்டும். எப்போதும் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டே ஓட்டிய வண்டிகளில் யூனிட்டுக்குள் இருக்கும் மின்தடைக் கம்பிச்சுருள் அடிப்பகுதியில்தான் முதலில் தேயும்.

சரிசெய்த பிறகும் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முள் கொஞ்சம் ஆடும். சரிவில் டாங்க்குக்குள் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குவதால் வருவது அது. அளவை அடிவாரத்தில் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள்.