பைலாவில் பதினாலு நோக்கம், கையில் ஒரு வாக்கியம் இல்லை

கேள்வி: எங்கள் ஊரில் பத்து வருடமாக மாலை நேர டியூஷன் மையம் நடத்துகிறோம், பதிவு பெற்ற சங்கம். ஒரு கம்பெனி சமூகப் பணிகளுக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதிக்கு விண்ணப்பித்தால் ‘உங்கள் மிஷன் ஸ்டேட்மென்ட் எங்கே’ என்கிறார்கள். சங்கத்தின் விதிமுறைகளான பைலாவில்தான் 14 நோக்கங்கள் இருக்கின்றனவே, அதில் நாலைச் சேர்த்து எழுதிக் கொடுத்தால் போதாதா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: விண்ணப்பத்துக்குப் போதும். அந்தக் கட்டத்தில் ஏதோ எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. உங்களுக்குத்தான் போதாது.

பைலாவின் நோக்கங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப் போகிறீர்கள், ஆடிட்டர் ஒரு பழைய ஃபைலை எடுத்து நீட்டுகிறார், அதில் கல்வி, மருத்துவ முகாம், மரம் நடுதல், முதியோர் நலன், விளையாட்டு எல்லாம் வரிசையாக இருக்கிறது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். தப்பில்லை. பின்னால் நோக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், அதனால் எல்லோரும் ஆரம்பத்திலேயே வேலியை அகலமாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலிக்குள் எந்த வயலை உழப்போகிறீர்கள் என்பது வேறு கேள்வி. மிஷன் என்று அவர்கள் கேட்பது அதைத்தான்.

நம்மூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் நோக்கம் ஒரே வரி: தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது. அந்தத் ‘தேவையில்லாத’ என்ற சொல்லைக் கவனியுங்கள், முழு வாக்கியமும் அதன் மேல்தான் நிற்கிறது. எல்லாக் குருட்டையும் நீக்குவோம் என்று சொல்லவில்லை. கண்புரை மாதிரி, ஓர் ஆபரேஷனில் சரியாகிவிடக் கூடியது, பணமோ பஸ் வசதியோ இல்லாததால் மட்டும் சரியாகாமல் கிடக்கிறதே, அது.

இனி அந்த ஒரு வரி என்னவெல்லாம் செய்ய வைத்தது என்று பாருங்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஏழைக்கு எட்டாத விலை. ஆஸ்பத்திரிக்கு லென்ஸ் ஃபாக்டரி எதற்கு என்று யாரும் கேட்டிருக்கலாம், ஆனால் அந்த வரியை வைத்துப் பார்த்தால் அது அவசியமான வேலை. 1992-ல் லென்ஸ் செய்ய அவர்களுடைய ஆரோலேப் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதே வருடம் மற்ற கண் மருத்துவமனைகளுக்குத் தங்கள் முறையைச் சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள். தொழில் ரகசியத்தை யாராவது அடுத்த கடைக்காரனுக்குச் சொல்லித் தருவார்களா? தருவார்கள், ஏனென்றால் ‘நாங்கள்தான் ஒழிப்போம்’ என்று அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. யார் ஒழித்தாலும் சரி.

இப்போது நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய மாதிரி வாக்கியம்: ‘மாணவர்களின் ஒட்டுமொத்த வளர்ச்சிக்காகப் பாடுபடுதல்’. இதைக் கொண்டுபோய் ஒரு கராத்தே வகுப்பின் போர்டில் எழுதினாலும் பொருந்தும், பால்வாடியில் எழுதினாலும் பொருந்தும். அதுதான் கோளாறு. உங்களிடம் யார் வருகிறார்கள்? வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த பிறகு அவர்களிடம் என்ன மாறுகிறது? எழுத்துக்கூட்டித் திணறியவன் பாடத்தைத் தானே வாசிக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள், நாலாவது பக்கத்தில், போகிற போக்கில்! அதைத்தான் முதல் வரியில் வைக்க வேண்டும். ‘எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு முடிக்கும் எந்தப் பிள்ளையும் தமிழ்ப் பாடத்தைத் தானாக வாசிக்கத் தெரியாமல் பள்ளியை விட்டுப் போகக் கூடாது.’ இது என் முயற்சி, நீங்கள் இதைவிட நன்றாக எழுதுவீர்கள். இதில் யாருக்கு, எதை, எதுவரை எல்லாமே இருக்கிறது. நாளைக்கு ஒருவர் இருபது தையல் மிஷின் தருகிறேன், பெண்களுக்குப் பயிற்சி ஆரம்பியுங்கள் என்று வந்தால், நல்ல மனசு ஐயா, ஆனால் எங்கள் வேலை அதுவல்ல என்று சங்கடமில்லாமல் சொல்லலாம். அப்படி ஒன்றையாவது மறுக்க உதவாத வாக்கியத்தை எழுதுவதும் ஒன்றுதான், எழுதாமல் இருப்பதும் ஒன்றுதான்.

கேள்வி: மூன்று மாதமாக எங்கள் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் மிஷன் ஸ்டேட்மென்டில் என்ன எழுதுவது என்று சண்டைதான். தலைவருக்கு ‘உலக அமைதி’ வேண்டும், இளைஞர்களுக்கு ‘அதிகாரப்படுத்துதல்’ வேண்டும். எப்படி முடிப்பது?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதலில் குழுவாக எழுதுவதை நிறுத்துங்கள். பத்துப் பேர் கூடி எழுதினால் பத்துப் பேருடைய சொல்லும் உள்ளே வரும், யாரையும் வருத்தப்பட வைக்காத ஒரு சாம்பார் தயாராகும். நான் ஒரு வாசகர் வட்டத்தின் கமிட்டியில் இருந்தபோது ‘மற்றும்’ என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தோம், அப்புறம் அந்த வட்டமே கலைந்துபோனது.

ஒரே ஒரு கூட்டம் போடுங்கள். அதில் யாரும் வாக்கியம் சொல்லக் கூடாது. போன வருடம் நடந்ததில் ‘இதுக்காகத்தான் சங்கம் வெச்சோம்’ என்று தோன்றிய ஒரு சம்பவத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்களால் பயன்பெற்றவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பெரும்பாலும் இதை மறந்துவிடுவோம். தலைவர் சொல்லும் சம்பவமும் இளைஞர்கள் சொல்வதும் பல சமயம் ஒன்றாகவே இருக்கும், சண்டை வார்த்தையில்தான் இருந்திருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒருவர், ஒரே ஒருவர், வீட்டுக்குப் போய் எழுதட்டும். எழுதியதை டீக்கடைக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். அவர் ‘அப்படின்னா?’ என்று கேட்டால் திரும்ப எழுத வேண்டும்.

இன்னொன்று, தமிழில் முதலில் எழுதுங்கள். ‘அதிகாரப்படுத்துதல்’ எல்லாம் யாரோ ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு நமக்கு அனுப்பி வைத்த சொல், உங்கள் தெருவில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். நிதி தருபவருக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் பிறகு பெயர்த்துக்கொள்ளலாம். உலக அமைதியைத் தலைவர் ஆண்டு விழா வாழ்த்துரையில் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: விஷன், மிஷன் என்ன வித்தியாசம்?
— வாசகி, சேலம்

பதில்: ஊர் எப்படி மாறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அது விஷன். அதற்காக நாளைக் காலையில் நீங்கள் செய்யப்போகும் வேலை மிஷன். மைக்ரோசாஃப்ட் தொடங்கியவர்கள் ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் என்று கனவு கண்டார்கள், அது விஷன். அவர்கள் உட்கார்ந்து செய்தது சாஃப்ட்வேர் எழுதும் வேலை. சின்னச் சங்கத்துக்கு இரண்டும் தனித்தனியாக வேண்டியதில்லை என்பது என் கட்சி.

கேள்வி: எழுதிய நோக்கம் நிறைவேறிவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல பிரச்னை, எல்லோருக்கும் வாய்க்காது. அமெரிக்காவில் வாய்த்தது. போலியோவால் பாதிக்கப்பட்ட ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938-ல் தொடங்கிய அறக்கட்டளைக்கு ஜனங்கள் ‘டைம்’ என்று அழைக்கப்படும் பத்து சென்ட் நாணயங்களாக அனுப்பினார்கள், அதனால் ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்றே பெயர் நிலைத்தது. அந்தப் பணம் ஜோனாஸ் சால்க்கின் ஆராய்ச்சிக்குப் போனது, 1955-ல் தடுப்பூசி வந்துவிட்டது. வேலை முடிந்தது போலத்தான். கலைக்கவில்லை, 1958-ல் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பினார்கள், குழந்தைகளின் உடல்நலம் என்ற இழை அறுபடவில்லை. நீங்களும் திரும்பலாம், ஆனால் வாடகைக் கட்டடமும் லெட்டர்பேடும் மிச்சமிருக்கிறது என்பதற்காக மட்டும் திரும்பாதீர்கள். மாற்றும்போது பைலா அதற்கு இடம் கொடுக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எம்பிஏ படிக்கும் மகன் மிஷன் ஸ்டேட்மென்ட் எழுதி ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடைக்கு இது தேவையா?
— வாசகர், ஈரோடு

பதில்: என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி மரியாதை, நேர்மை, கலந்துபேசுதல், மேன்மை என்று நாலு கொள்கை வைத்திருந்தது. கணக்கு மோசடி வெளியில் வந்து 2001-ல் திவாலானது. இதை மகனிடம் சொல்லுங்கள், ஆனால் அவனைத் தடுக்காதீர்கள். வாங்கிய பைப்பும் பெயின்ட்டும் மிஞ்சினால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள், பில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள், இதை நீங்களும் கடைப் பையன்களும் உட்கார்ந்து பேசி அவன் கையால் ஒரு வரி எழுதட்டும். அதை கல்லாவுக்குப் பின்னால் மாட்டாமல் வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் மாட்டுங்கள்.