தையல் இயந்திரமும் நிலப்பட்டாவும்

கேள்வி: கிராமப்புறப் பொருளாதாரத்தை உயர்த்த அரசாங்கம் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிறது. இருந்தும் எங்கள் தோட்டப்புறக் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. நம்மவர்களிடம் முயற்சி போதவில்லையா?
— வாசகர், சுங்கை சிப்பூட் வட்டாரம், மலேசியா

பதில்: விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, ரப்பர் பால் வாளி சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த மக்களைப் பார்த்து முயற்சி போதவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால், கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, போன சாலையும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நெடுங்காலம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. உள்ளே இருப்பவர்களை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று அரசாங்கம் இருந்துவிட்டது.

1956இல் தொடங்கப்பட்ட ஃபெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்ற அமைப்பு, குடியேறிய குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தையும் ஒரு வீட்டையும் ஒப்படைத்து, செலவான தொகையை விளைச்சல் வருமானத்திலிருந்தே சிறுகச் சிறுகக் கழித்துக்கொண்டது. ஏழைகள் பலரை நிமிர்த்திய நல்ல திட்டம் அது. ஆனால் அதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே மரம் சீவியவர்கள் வேலையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். உங்கள் ஊரில் பிறந்த, அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி அச்சங்கம் வாங்கிய நிலங்களுக்குப் பின்னால், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிய பங்குப் பணம் இருந்தது. கம்பத்தாருக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது; நம்மவர்களோ கூலியில் மிச்சம் பிடித்து நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

பின்னர் ரப்பர் போய், எண்ணெய் தரும் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும்; அந்த வேலைக்கும் வந்த வெளிநாட்டுத் தொழிலாளி சம்பளத்தின் பெரும்பகுதியைத் தன் ஊருக்கு அனுப்புகிறார். சம்பள நாளை நம்பியிருந்த மளிகைக் கடையும் நகைக் கடையும் தையல் கடையும் எப்படிப் பிழைக்கும்? சென்ற மாதம் உங்கள் வட்டாரத்தில் ஓர் அம்மாவின் வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். உதவித் திட்டத்தில் கிடைத்த தையல் இயந்திரம் பழைய சேலை போர்த்தி மூலையில் நின்றது. "தைக்கக் குடுக்க ஊர்ல ஆள் யாருங்கய்யா இருக்கா?" என்றார்.

பயிற்சியும் கடனும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்த வீடும் அதைச் சுற்றிக் கையளவு நிலமும் கொடுத்த பிறகே அவை பயன் தரும். அடுத்த முறை உங்கள் தொகுதிக்கு வருபவர் ஒதுக்கீட்டுத் தொகையைச் சொன்னால், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் எத்தனை குடும்பங்களின் கையில் இன்று நிலப்பட்டா இருக்கிறது என்ற கணக்கை அவரிடம் கேளுங்கள்.