முனியாண்டிக்கு முட்டை

கேள்வி: ஐயா, காட்டை எடுத்தால் வேறிடத்தில் ஈடாகக் காடு தருகிறார்களே. வளர்ச்சியும் ஆச்சு, பல்லுயிரும் பிழைச்சாச்சு. உங்களுக்கு என்ன கோபம்?
– ஒரு வாசகர், தெலுக் பங்லிமா காராங்

பதில்: கோபமில்லை. 'ஈடாக' என்றீர்களே, அதில்தான் மாட்டிக்கொண்டேன். 'ஈட்டுக்காடு' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். தட்டச்சுத் தம்பி 'இடுகாடு' என்று அடித்து வந்தார். பதினைந்து வருடமாக அவர் பிழைகளோடு எனக்கு மல்லுக்கட்டு. இதை மட்டும் திருத்த மனம் வரவில்லை.

எங்கள் தோட்டத்துத் தண்டல் (வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்) ஒருவர், மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்தால் முனியாண்டிக்குச் சேவல் என்று நேர்ந்துகொண்டார். தீர்ந்தது. சேவலோ பந்தயச் சேவல். ஒரு முட்டையை வைத்து, "சாமி, இது நாளைக்குச் சேவல்" என்றார். "பெட்டையாப் பொரிச்சா?" என்றார் பூசாரி. தண்டல் அசரவில்லை. "அப்ப அது போடுற முட்டையெல்லாம் சாமிக்கே." கூழாகிப் போனால் என்று பின்வரிசையில் ஒரு கிழவி கேட்டாள். அவளைப் பேச விடவில்லை. முனியைக் கேட்டவர் யாருமில்லை.

இங்கே மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் வடக்குக் காட்டில் 2021இல் பார்த்ததும் இந்த முட்டையைத்தான். 536.7 ஹெக்டரைக் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஈடாக அதே மாநிலத்தின் வேறு மாவட்டங்களான சபாக் பெர்ணாமிலும் உலு சிலாங்கூரிலும் நிலத்தைக் காட்டினார்கள். எடுத்தது, இலைதழை பல ஆயிரம் வருடம் மக்கிப் படிந்த சதுப்பு. அங்குள்ள கரடிக்கு மாற்றல் கடிதம் யார் கொடுப்பது? நம்மவர்களுக்குக் கரடி விட மட்டும்தான் தெரியும். அங்குள்ள பூர்வகுடிகளான தெமுவான் மக்களும் மற்றவர்களும் விடாமல் எதிர்க்க, செப்டம்பரில் மாநில அரசு பின்வாங்கியது.

நாட்டின் 1984 வனச் சட்டம், மாற்று நிலத்தை 'முடிந்தால்' கொடு என்றது. 2022 திருத்தம் அந்த 'முடிந்தால்'ஐக் கழற்றி, பொது விசாரணையும் வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் நிலமும் காடும் மாநிலத்தின் கையில். எடுப்பவரே ஈட்டையும் பொறுக்குகிறார். அடகுக் கடைக்காரர்கூட நகையை நம் கண்முன்னே நிறுப்பார்.

அந்த முனியும் ஈடு வாங்கியவர்தான். தோட்டம் வீடமைப்பானபோது, கழிவுநீர்க் குட்டையை ஒட்டி இடம் கொடுத்தார்கள். ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை, நானே டேப் பிடித்து அளந்தேன். காற்று திரும்பும் நாளில் பூசாரி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் மணி அடிக்கிறார். தீபாராதனைக்கு மூன்றாவது கை தேடுகிறோம்.