குட்டைக் கறவை ஆடு: இனப்பெயரைக் கேட்காதீர்கள், மடியைப் பாருங்கள்

கேள்வி: "நைஜீரியன் ட்வார்ஃப், தினமும் 2 லிட்டர் பால், விலை 40,000 ரூபாய்" என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 15 அடி இடம் இருக்கிறது. ஒன்று வாங்கலாமா? (வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு)

பதில்: அந்தப் பெயருக்காக அந்த விலை கொடுக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்கக் குட்டை ஆடுகளை வைத்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் சான்று, தாய் தகப்பன் பதிவு மூன்றையும் கேளுங்கள். "பேப்பர் பிறகு அனுப்புகிறேன்" என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நம் நாட்டுக் குட்டை இனமான, நிமிர்ந்த காதுள்ள பார்பாரியை அந்தப் பெயரில் காட்டினாலும் புதிதாக வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

உங்கள் இடத்துக்குப் பார்பாரியே போதும். ஆக்ரா, மதுரா பக்கத்து ஆடு. வெள்ளையில் பழுப்புப் புள்ளி, வளர்ந்த பெட்டை 20 முதல் 25 கிலோ. மேய்ச்சல் இல்லாமல் கொட்டிலிலேயே வளரும். நல்ல பெட்டை நாளுக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் கறக்கும். குட்டி குடிப்பதும் அதில்தான் அடக்கம்.

சந்தையில் வாங்காமல் பண்ணைக்கே போங்கள், அதுவும் மாலையில். முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். உங்கள் எதிரிலேயே மடியை முழுக்கக் கறந்துவிடச் சொல்லி, 12 மணி நேரம் கழித்து மறுநாள் காலையில் கறப்பதை அளந்து பாருங்கள். நடுவில் குட்டியைப் பிரித்து வைக்க வேண்டும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய். கறந்தபின் மடி தொய்ந்து மெத்தென்று இருக்க வேண்டும், கட்டி தட்டுப்பட்டால் வேண்டாம். கூட நிற்கும் குட்டி அதனுடையதுதானா என்பதையும் பாருங்கள். தன் குட்டியை மோந்துவிட்டு ஊட்டவிடும், மற்றதை முட்டித் தள்ளும். வாயையும் திறந்து பாருங்கள்: இரண்டு பல் என்றால் ஒன்றரை வயதுக்குள், நாலு பல் என்றால் இரண்டு வயதுவாக்கில். கடை சேர்ந்த, அதாவது எட்டுப் பல்லும் முளைத்துவிட்ட ஆட்டை "இரண்டாம் ஈத்து" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை அவசியம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி போட்ட தேதியை எழுதி வாங்குங்கள். எத்தனை சான்று இருந்தாலும் பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

ஒற்றை ஆடு கத்திக்கொண்டே இருக்கும், தீவனமும் சரியாக எடுக்காது. இரண்டு பெட்டையாக வாங்குங்கள். கிடா வேண்டாம், அதன் வாடைக்கே பக்கத்து வீட்டுப் புகார் வந்துவிடும். சினைக்குப் பண்ணைக்கு ஓட்டிப் போனால் போதும். சினைக்காலம் 150 நாள். குட்டி போட்டால்தான் பால், ஆகவே பிறக்கும் குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

இரண்டுக்கும் கூரைக்குக் கீழ் 25 சதுர அடி, திறந்தவெளி அதைப்போல இரு மடங்கு. பெங்களூர் மழைக்கு மண் தரை ஆகாது, குளம்பு அழுகும். மூன்றடி உயரப் பரண், பலகைகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி. அதற்குமேல் விட்டால் கால் சிக்கும்.

ஓர் ஆட்டுக்கு நாளுக்குப் பசுந்தழை 3 கிலோ, உலர்தீவனம் அரைக் கிலோ, அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) 250 கிராம். கறவைக்கு லிட்டருக்கு 400 கிராம் கூடுதல். அகத்தி, முருங்கை, மல்பெரி நல்லவை. வேலியோரத்து அரளி கொல்லும். விருந்தில் மிஞ்சிய சோற்றைக் குவித்துப் போட்டாலும் வயிறு புளித்துச் சாகும்.

மாநகராட்சி அனுமதி, வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதம் இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வாங்கிய ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டு ஆடு செத்தது. விற்றவர் கைவிரிக்கிறார். (வாசகர், ஹொஸ்கோட்டை)

பதில்: பிரேதப் பரிசோதனை செய்தீர்களா? அது இல்லாமல் வழக்கு நிற்காது. ஆட்டுக்கொல்லி நோய் தொற்றி 4 முதல் 6 நாளில் வெளிப்படும் என்பதால் அறிக்கையில் அது உறுதியானால் உங்கள் பக்கம் வலுக்கும். திடீர்த் தீவன மாற்றம்தான் காரணம் என்று விற்றவர் வாதிடுவார். அதனால் அங்கே என்ன தீவனம், இங்கே என்ன கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வியாபாரியிடம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி கேட்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ரசீது தரவில்லை என்றால் யுபிஐ பணப்பதிவு, விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.