வீடியோ கேம் இசையை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு எப்படி மாற்றி எழுதுகிறார்கள்? மிடி கோப்பை (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கணினிக் குறிப்பு) மென்பொருளில் போட்டாலே நோட்ஸ் வந்துவிடாதா?

வந்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஜெர்மனியில் கொலோன் நகரில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒருநாள் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் வியோலா (வயலினுக்குச் சற்றுப் பெரிய அண்ணன்) வாசிக்கிறேன். "நீதான் கம்ப்யூட்டர் ஆள் ஆயிற்றே" என்று சொல்லி, எண்பதுகளின் கேம் மெட்டு ஒன்றை எங்கள் குழுவுக்கு எழுதித்தரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மிடி கோப்பைத் திறந்து, ஒவ்வொரு தடத்தையும் ஒவ்வொரு வாத்தியத்துக்குக் கொடுத்து, ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். ஒத்திகையில் எட்டாவது பார், அதாவது எட்டாவது தாளச் சுற்று, வருவதற்குள் ஓபோ வாசிக்கும் பெண்மணி குழலை மடியில் வைத்துவிட்டு, "இதில் நான் எங்கே மூச்சு விடுவது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்த மெட்டை முதலில் வாசித்தது மூச்சே விடாத ஒரு கணினிச் சில்லு. அந்தக் கால நிண்டெண்டோ பெட்டியில் இருந்தவை ஐந்தே ஒலித்தடங்கள்: இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், துண்டு ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. முக்கோண அலைக்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும், இல்லையென்றால் ஒலிக்காது, அவ்வளவுதான். கமடோர் 64 கணினி இன்னும் மோசம், மூன்றே குரல்கள். இதை வைத்துக்கொண்டு இசையமைப்பாளர்கள் செய்த தந்திரங்கள்தான் இன்று எழுதுபவரைப் படுத்துகின்றன.

ஒன்று சொல்கிறேன். மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்ட் வேண்டும், ஆனால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடம். என்ன செய்வார்கள்? அந்த மூன்று ஸ்வரங்களையும் மாற்றி மாற்றி நொடிக்கு 60 முறை வரை ஓடவிடுவார்கள். காதுக்கு அது கார்ட் மாதிரியே கேட்கும், கொஞ்சம் வண்டு ரீங்காரத்தோடு. மிடியிலிருந்து எடுத்தால் இது தாளில் கடுகு கொட்டியதுபோல் விழும். எந்த மனிதராலும் வாசிக்க முடியாது. அதை வயலின்களைப் பிரித்து நிறுத்திய கார்டாக எழுதுவதா, வில்லை நடுக்கும் டிரெமோலோவாக எழுதுவதா, அந்த ரீங்காரம்தான் அழகு என்று வேகத்தைக் குறைத்துக் கிளாரினெட்டுகளுக்குப் பங்கிட்டுத் தருவதா? இதை மென்பொருள் முடிவு செய்யாது.

இன்னொன்று எதிரொலி. இரண்டாவது பல்ஸ் தடம் அதே மெட்டைச் சற்றுத் தாமதமாக, கொஞ்சம் மெதுவான சத்தத்தில் வாசிக்கும். வறட்டுச் சில்லுக்கு ஒரு அறையின் ஆழம் கிடைத்துவிடும். நான் அதை அப்படியே இரண்டாம் வயலின்களுக்குக் கொடுத்திருந்தேன். நாங்கள் வாசித்ததோ ஒரு தேவாலயத்தில். கட்டடம் தன் பங்குக்கு எதிரொலிக்க, வயலின்களும் சேர்ந்துகொள்ள, மெட்டு மொத்தமும் கஞ்சியாகிவிட்டது. இடைவேளையில் பென்சிலால் அந்த வரிகளை அடித்ததுதான் நான் செய்த முதல் உருப்படியான காரியம்.

இதெல்லாம் ஒருவிதத்தில் கைவேலை, பழகினால் வந்துவிடும். பெரிய சிக்கல் முடிவுதான். கேம் இசை மங்களம் இல்லாத கச்சேரி. ஆடுபவர் பத்து நொடியில் செத்துப்போகலாம், அரை மணி நேரம் அதே கட்டத்தில் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். அதனால் மெட்டின் வாலைத் தலையோடு ஒட்டி, கடைசி கார்ட் முதல் பாருக்கே இழுத்துப் போகும்படி எழுதியிருப்பார்கள். கையில் பொத்தான் இருப்பவருக்கு அது அலுக்காது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றாவது சுற்றிலேயே கொட்டாவி வரும். இதற்குச் சுலபமான வழி மெட்லி: ஒரு மெட்டை இரண்டு முறை வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது. கைதட்டல் நிச்சயம். எனக்கு அது கல்யாண வீட்டு பேண்டு மாதிரி இருக்கிறது, ஆனால் டிக்கெட் வாங்குபவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் இந்தக் கச்சேரிகள் 1987-லேயே தொடங்கிவிட்டன. இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா தன் 'டிராகன் குவெஸ்ட்' கேம் இசையை டோக்கியோ மேடைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானுக்கு வெளியே 2003-ல் லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் தயாரிப்பாளர் தாமஸ் போக்கர் ஏற்பாடு செய்த கச்சேரிதான் தொடக்கம். என் ஆதர்சம் அவரோடு வேலை செய்த ஃபின்லாந்துக்காரர் யொன்னே வால்டொனென். 'பர்ப்பிள் மோஷன்' என்ற பெயரில் தொண்ணூறுகளில் கணினி டெமோக்களுக்கு (கணினியின் திறமையைக் காட்டும் குட்டி ஒளி-ஒலிக் காட்சிகள்) டிராக்கர் மென்பொருளில், அதாவது சில தடங்களில் ஸ்வரங்களை வரிசையாக அடுக்கும் மென்பொருளில், இசை எழுதியவர். அதாவது சில தடங்களுக்குள் உலகத்தை அடைக்கும் வித்தையை அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தவர். 2008-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் கிறிஸ் ஹுல்ஸ்பெக்கின் கேம் இசையை இங்கே கொலோனின் வானொலி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். அந்தக் கச்சேரி வானொலியில் நேரடியாகப் போனது.

2013 மே மாதம் வுப்பர்டாலில் அரங்கேறிய 'ஃபைனல் சிம்பொனி' கச்சேரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நொபுவோ உவெமாட்சுவின் 'ஃபைனல் ஃபேன்டசி 7' மெட்டுகளை மூன்று பகுதிகள் கொண்ட முழு சிம்பொனியாக வால்டொனென் எழுதினார். பத்தாம் பாகத்தின் இசையை ரோஜர் வனாமோ பியானோ கான்செர்ட்டோவாக்கினார், அதாவது பியானோ முன்னால் நிற்க ஆர்கெஸ்ட்ரா துணைக்கு வரும் படைப்பாக. மெட்டை வரிசையாக அடுக்காமல், ஒன்றின் துணுக்கை இன்னொன்றின் அடியில் பாஸ் வரியாக ஓடவிடுவது, வேகத்தைப் பாதியாக்கி ஆளே தெரியாமல் நுழைப்பது என்று ஒரு ராகத்தை விரிப்பதுபோல் விரிக்கிறார்கள். அதே மாதம் லண்டனில் இதை வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. கேட்டுப் பாருங்கள், தெரிந்த மெட்டுக்காகக் காத்திருக்க வைத்தே கொல்வார்கள்.

எல்லா மெட்டுக்கும் இந்த வைத்தியம் தேவையில்லை. 1994-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 6'-ல் ஓர் ஓபரா காட்சி உண்டு. அது ஓடிய சூப்பர் நிண்டெண்டோ பெட்டியில் எட்டுக் குரல்கள், ஒலிக்கென்று 64 கிலோபைட் நினைவகம். பாட்டின் வரிகள் திரையில் எழுத்தாக ஓட, குரல் போன்ற ஒரு சத்தம் மெட்டை இழுக்கும். உவெமாட்சுவின் மனதில் சோப்ரானோவும் டெனரும் (உச்சக்குரல் பாடகியும் பாடகரும்) அப்போதே நின்றிருப்பார்கள், மேடையில் அவர்களை உள்ளே வரவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

நீங்கள் எழுதப் போகிறீர்கள் என்றால் சின்ன விஷயங்கள் சில. ஒலியளவுக் குறிகள் மூலத்தில் இருக்காது, ஒவ்வொரு வரிக்கும் நீங்களே போட வேண்டும். தொழில்முறைக் குழுக்களுக்கு ஒத்திகை நேரம் சொற்பம், அதனால் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தரும் தாளில் பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்கட்டும் (வியோலாக்காரனின் சாபம் பொல்லாதது). திரையில் கேம் காட்சி ஓடுமென்றால் கண்டக்டர் காதில் தாளம் சொல்லும் கிளிக் ஒலிக்கும், அப்போது தாளத்தை நீட்டிச் சுருக்கும் ஆசையை மறந்துவிடுங்கள். மாற்றி எழுதவும் மேடையில் வாசிக்கவும் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வேண்டும், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓபோவின் வரியை நான்கு நான்கு பாராக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்தேன். கேள்வியும் பதிலுமாக, மூலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. முடிவைத்தான் மூன்று முறை மாற்றிவிட்டேன். இப்போதைக்கு ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்து, கிளாரினெட் மட்டும் முதல் இரண்டு பாரை இன்னொரு முறை தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறது. டிம்பனி என்ற பெரிய மேளங்களை வாசிப்பவர் மட்டும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. முதல் பதிப்பின் முடிவில் அவருக்குப் பெரிய உருட்டல் ஒன்று இருந்தது.