கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

புகையிலை பைப்பை வாங்குவது, பழுது பார்ப்பது, சொந்தமாகச் செய்வது பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை. எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கியிருக்கிறேன். புகையிலை போடும் இடம் கிண்ணம், அதிலிருந்து நீளும் மரம் கழுத்து, வாயில் வைப்பது தண்டு. ஒவ்வொரு பதிலிலும் இதைத் திரும்ப விளக்க மாட்டேன்.

கேள்வி: 1920களில் டப்ளின் பீட்டர்சன் நிறுவனம் செய்தது என்று சொல்லி இணையத்தில் ஒரு பைப் விற்றார்கள். நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கழுத்தில் ‘மேட் இன் தி ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்று பொறித்திருக்கிறது. வயது சரிதானா?

இல்லை. அயர்லாந்து முறைப்படி குடியரசானது 1949 ஏப்ரலில். இருபது வருஷம் கழித்து வரப்போகிற பெயரை டப்ளின்காரர் முன்கூட்டியே பொறித்திருக்க முடியாது. விற்றவர் தெரியாமல் எழுதினாரோ தெரிந்தே எழுதினாரோ, விளம்பரத்தில் சொன்ன பொருள் உங்களுக்கு வரவில்லை. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இது பொறிப்பைப் படித்தாலே தெரிகிற விஷயம் என்பதால் உங்கள் பக்கம் வலுவானது.

இதே பெயரில் நானும் ஏமாந்திருக்கிறேன், ஆனால் என்னை யாரும் ஏமாற்றவில்லை. வளையத்தில் ஷாம்ராக் இலை, வேட்டை நாய், கோபுரம் என்று வரிசையாக மூன்று குறிகளைப் பார்த்ததும் வெள்ளி முத்திரை என்று முடிவுகட்டி வாங்கிவிட்டேன். அந்த மூன்றும் நிக்கல் வளையத்தில் போடும் அலங்காரம். விற்றவர் ‘வெள்ளி’ என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

கேள்வி: தண்டில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. லண்டன் டன்ஹில் நிறுவனத்தின் அடையாளம் அதுதானே?

ஒரு டிரில்லும் ஒரு துணுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக்கும் இருந்தால் என் பேனாவையும் டன்ஹில் ஆக்கலாம். தண்டை மாற்றிப் பொருத்திவிட முடியும். மரத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: முதல் பைப் வாங்கப் போகிறேன். எதில் ஆரம்பிப்பது?

சோளக்கதிர்த் தக்கையில் செய்த பைப்பில். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் இதைச் செய்கிறார்கள். மலிவானது, பழக்க வேண்டியதில்லை, தீய்ந்துபோனால் மனசு வலிக்காது. ஆறு மாதம் கழித்தும் ஆசை தீராமல் இருந்தால் அப்புறம் பிரையர் என்ற வேர்மரத்தில் செய்த பைப் பக்கம் வாருங்கள்.

கேள்வி: பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

அவர் விற்கிறவர். வாய், உதடு, தொண்டை, நுரையீரல் புற்றுநோய் எல்லாம் பைப்பாலும் வரும். நான் புகைப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது, பழுது பார்ப்பதை மட்டும் விடவில்லை. உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்கிறேன். மரத்தூளும் ரப்பர் தூளும் மூக்குக்குப் பலகாரம் அல்ல.

கேள்வி: துருக்கி மீர்ஷாம் கல்லைக் கையால் செதுக்கியது என்று நம்பி, தாடி வைத்த முகம் கொண்ட பைப் வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் இரண்டு காதுக்கும் பின்னால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடுகிறது. கேட்டால் ‘கல்லின் இயற்கையான ரேகை’ என்கிறார்கள்.

உங்களுக்காக வருத்தப்படுகிறேன், அந்தப் பதிலைப் படித்து எரிச்சலும் படுகிறேன். இரண்டு காதுக்கும் பின்னால் கச்சிதமாக ஒரே இடத்தில் ரேகை விடும் கல்லை நான் பார்த்ததில்லை. அது அச்சின் இரண்டு பாதி சேர்ந்த தடம். பிசினை வார்த்தெடுத்திருக்கிறார்கள்.

அசல் மீர்ஷாம் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் மென்மையான கனிமம். ஈரத்தோடு செதுக்கி, காயவைத்து, தேன்மெழுகில் தோய்ப்பார்கள். புகைக்கப் புகைக்கப் பொன்னிறமாகிப் பழுப்பாகும். செதுக்கும்போது விழும் தூளையும் சில்லையும் பசை கலந்து அழுத்திச் செய்வது இன்னொரு வகை. அதை அழுத்தியது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை, ஆனால் முழுக்கல்லைப் போல அழகாக நிறம் மாறாது. தண்ணீரில் மிதக்கிறதா, நாக்கில் ஒட்டுகிறதா என்ற சோதனைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். மெழுகு பூசிய பைப்பில் நாக்கு ஒட்டாது. உங்கள் விஷயத்தில் அந்தத் தடமே போதும்.

இப்போது செய்ய வேண்டியது: அதில் ஒரு முறைகூடப் புகைக்காதீர்கள். புகைத்த பைப்பை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள், பிசின் சூடாவதும் நல்லதல்ல. தடத்தை இரண்டு பக்கமும் படமெடுங்கள். பெட்டியை எறிய வேண்டாம். பேச்சை எல்லாம் எழுத்திலேயே வைத்து, பணம் செலுத்திய வழியில் கெடு முடிவதற்குள் முறையீடு போடுங்கள். பாதிப் பணம் தருகிறேன், முறையீட்டை வாபஸ் வாங்குங்கள் என்று வருவார்கள். வாங்காதீர்கள்.

கேள்வி: புதிய பைப். புகைத்து முடித்த சூட்டோடு சுத்தம் செய்யத் தண்டைக் கழற்றினேன். கழுத்தில் விரிசல். கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

மறுக்கத்தான் வேண்டும். சூடான பைப்பில் தண்டைத் திருகக் கூடாது என்பது கூடவே வந்த காகிதத்தில் இருந்திருக்கும். படித்தீர்களா? சூட்டிலும் ஈரத்திலும் மரமும் அதற்குள் செருகியிருக்கும் தண்டின் முளையும் இறுகியிருக்கும். விரிசலின் நுனியில் ஊசி அளவுக்கு ஒரு துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. பசை விட்டு, மேலே ஓர் உலோக வளையம் மாட்டச் சொல்லுங்கள். செலவு உங்களுடையது.

கேள்வி: பழைய பைப் ஒன்றைப் ‘புத்தம் புதிதாக மாற்றியது’ என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. வாங்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

ஒரு பைப்பின் பிறப்புச் சான்றிதழ் அதன் கழுத்தில் இருக்கும் பொறிப்பு. ஆழம் மயிரிழைதான். துணிச்சக்கரத்தில் மெருகுப்பசை தடவி இரண்டு நிமிஷம் கூடுதலாகக் காட்டினால் எழுத்து மங்கும், நான்கு நிமிஷம் காட்டினால் போயே போகும். கூடவே கூர்மையான விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கும். கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால், ஒன்று அளவுக்கு மேல் தேய்த்திருக்கிறார்கள், இல்லை தண்டு வேறு பைப்புடையது. பிறகு மரத்தின் குழிகளை அடைத்த மக்கு தெரியக் கூடாது என்று கறுப்பாகச் சாயம், அதற்கு மேல் வார்னிஷ். வார்னிஷ் சூட்டில் கொப்பளிக்கும். கார்னுபா மெழுகு போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மெழுகின் மினுக்கம் மிதமானது, படத்தில் இப்படிக் கண்ணைப் பறிக்காது. அதனால் வார்னிஷ்.

இந்தப் பாவத்தை நானும் செய்தவன். முதல் துணிச்சக்கரம் வாங்கிய வாரத்தில், நண்பர் ஒருவர் நம்பிக் கொடுத்த பைப்பைத் தேய்த்தேன். பொறிப்பில் கடைசி மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை வேறு பைப்பும் கொடுக்கவில்லை.

வாங்குவதற்கு முன் நான்கு படம் கேளுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்த பொறிப்பு. தண்டைக் கழற்றிய கழுத்தின் வாய். டார்ச் அடித்து மேலிருந்து எடுத்த கிண்ணத்தின் உட்புறம். அப்புறம், சுத்தம் செய்யும் பஞ்சுக்கம்பியைத் தண்டின் முனையில் விட்டுக் கிண்ணத்தின் அடியில் வெளியே வந்திருக்கும் படம். இந்த மூன்றாவது படத்தைக் கேட்கத் தெரியாத காலத்தில் பன்னிரண்டு பைப் கொண்ட பெட்டி ஒன்றை, அதில் ஒரே ஒரு பைப்புக்கு ஆசைப்பட்டு வாங்கினேன். அதன் கிண்ணத்தில் சுவர் தீய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது. கரித்தூளும் பசையும் வைத்துப் பூசி மறைத்திருந்தார்கள். மற்ற பதினொன்றும் அதைவிட மோசம்.

படம் தரத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அழுக்காக, ஆனால் முழுசாக இருக்கும் பைப்பைப் பாதி விலைக்கு வாங்கி நீங்களே சுத்தம் செய்யுங்கள். பொழுதுபோக்கே அதுதானே?

கேள்வி: தாத்தாவின் பைப்பில் கருப்புத் தண்டு பச்சையாகிவிட்டது. பூஞ்சையா? பிளீச்சில் போடலாமா?

பூஞ்சை இல்லை. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுட்ட எபோனைட் அது. வெயிலும் ஈரமும் பட்டால் மேல்பரப்பு இப்படி நிறம் மாறும். பிளீச் வேண்டாம், பரப்பு சொரசொரப்பாகிவிடும். 400ஆம் எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, படிப்படியாக 2000 வரை போங்கள். கடைசியில் மெருகு. தண்டில் சின்னம் இருந்தால் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். பல் பதிந்த பள்ளங்கள் மெல்லிய சூடு காட்டினால் ஓரளவு எழும். கிண்ணத்தின் உள்ளே படிந்திருக்கும் கரியை முழுக்கச் சுரண்டாமல் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். அது மரத்துக்குக் கவசம்.

கேள்வி: வீட்டில் பழைய மேஜைப் பலகை கிடக்கிறது. அதில் பைப் செய்யலாமா?

கூடாது. என்ன மரமோ, என்ன பூச்சோ, யாருக்குத் தெரியும். பிரையர் என்பது மத்தியதரைக் கடற்கரைகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு. மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கட்டையாகத் தருகிறார்கள். துளையும் தண்டும் தயாராக இருக்கும் கட்டை கிடைக்கிறது, அதை வாங்கிச் செதுக்குங்கள். காற்றுத்துளை கிண்ணத்தின் அடியோடு அடியாக வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். எனக்கு வந்ததில் மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தது. அதைச் செதுக்கி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

கேள்வி: ‘திருப்பி எடுக்கப்படாது’ என்று எழுதியிருந்த ஏலத்தில், மங்கலான ஒரே படத்தைப் பார்த்து நள்ளிரவில் நான்கு பைப் எடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

தூங்குங்கள். பெட்டி வந்ததும் எழுதுங்கள்.

கேள்வி: பைப் பற்றிக் கேட்கச் சொன்னீர்கள். எங்கள் சமையலறை பைப் இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

வாஷர் தேய்ந்திருக்கும். மெயின் வால்வை மூடிவிட்டு மாற்றுங்கள்.